கவனமாக இருக்க வேண்டிய மாதம்

பிள்ளை வேண்டும் என்று ஆறு வருடமாக அலைகிற எங்களைப் பார்த்து, "இந்த ஒரு மாசம் மட்டும் பிள்ளை உண்டாகாம பாத்துக்குங்க" என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அவருக்கும் சிரிப்புத்தான். அதை அடக்க வேறு வழி தெரியாமல் என் காலை மிதித்தார். எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமியார் சிரிக்கவே இல்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, முதல் பெஞ்சு மாணவி மாதிரி டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். இரண்டு தடவை கரு வைத்துப் பார்த்தாயிற்று, இரண்டும் ஒட்டவில்லை. உறைய வைத்த கரு இன்னும் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் அதை வைக்கலாம். அதற்கு முன்னால், இந்த மாதக் கடைசியில், கர்ப்பப்பையின் உட்சுவரை ஒரு மெல்லிய குழாயால் லேசாகக் கீறிவிடுவார்கள். கீறின இடம் ஆறும்போது சுவர் பதமாகும், வைக்கிற கரு பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

"நம்பிக்கைதான்" என்றார் டாக்டரம்மா. "பெரிய ஆராய்ச்சி எல்லாம் பண்ணிப் பாத்ததுல பெருசா வித்தியாசம் தெரியலைன்னும் சொல்றாங்க. நீங்க கேக்கறதால சொல்றேன்."

கேட்டது நான் அல்ல, அத்தை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். காலையில் அவரோடு கூட நடக்கிற ஒரு அம்மாளின் அண்ணன் மகளுக்கு இப்படிக் கீறிவிட்ட மறுமாதமே கரு நின்றுவிட்டதாம். கேட்ட நாளிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை. டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

என் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கான்ட்ராக்டர். சுவர் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆள் நிமிர்ந்துவிட்டார். "புரியுது டாக்டர். பழைய சுவத்துல அப்படியே அடிச்சா பெயிண்ட் நிக்காது. உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரன்னு ஆக்கிட்டாத்தான் புது கோட் பிடிக்கும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிட்டத்தட்ட" என்றார். என் கணவருக்கு அந்தக் கிட்டத்தட்ட போதுமானதாக இருந்தது.

"ஆனா கீறுற நேரத்துல உள்ள எதுவும் தங்கியிருக்கக் கூடாது. தெரியாம கைய வெச்சிட்டா கலைஞ்சு போகலாம். அதுக்குத்தான் கவனமா இருக்கச் சொல்றேன்."

"அதெல்லாம் இருப்பாங்க டாக்டர். நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை.

எதை, எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை. நான் தரையில் இருந்த டைல்ஸ் பூக்களை எண்ண ஆரம்பித்தேன்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லவர். இந்த ஆறு வருடத்தில் என்னை ஒரு குத்தல் வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எந்த அறைக்குள் நான் போனாலும் கூடவே வந்துவிடுவார். ஸ்கேன் என்றாலும் ஊசி என்றாலும் கால் அகட்டிப் படுக்க வேண்டிய அறை என்றாலும், பையோடு உள்ளே வந்து ஓர் ஓரமாக நிற்பார். கடைசி மாதவிலக்கு எப்போது என்று டாக்டரம்மா என்னைக் கேட்டால் அவர் பதில் சொல்வார். கதவுக்கு வெளியே என்று ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தோன்றியதில்லை. எனக்கும் சொல்ல வாய் வந்ததில்லை.

சரி, கவனமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு சாமான் வேண்டும். மறுநாள் சாயங்காலம் என் கணவரை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து இருமல் மிட்டாயோடு வந்தார்.

"என்னங்க இது?"

"அந்த ஆள்கிட்ட எப்படிக் கேக்கறது? மாசாமாசம் ஃப்ரிட்ஜ்லருந்து உனக்கு ஊசி எடுத்துக் குடுக்கறவன். போன தடவைகூட 'இந்த வாட்டி கண்டிப்பா நல்ல சேதி வரும் சார்'னு கையப் புடிச்சுச் சொன்னான். அவன்கிட்டப் போயி அதைக் கேட்டா, என்ன நெனைப்பான்?"

"நாலு பேரு வீட்டுச் சுவத்துல தொங்கி வேலை செய்யறீங்க. ஒரு பாக்கெட் வாங்கத் தைரியம் இல்ல."

"நீ போயேன்."

போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்கம்மா, ஊசி ஆரம்பிச்சாச்சா?" என்றார். ஒரு கட்டு பஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் என் கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அத்தை உள்ளே இருந்து, "யாருக்கு இருமல்? யாருக்குக் காயம்?" என்று பதறிக்கொண்டு வந்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். பேருந்து ஏறி, எங்களைத் தெரியாத தெருவுக்குப் போயிருக்கலாம். ஆனால் அதைவிடச் சுலபமான வழி இருக்கிறதே என்று, கட்டிலுக்கு நடுவில் ஒரு தலையணையை நீளவாக்கில் போட்டு வேலி கட்டினோம்.

தலையணை ஒழுங்காகத்தான் தன் வேலையைச் செய்துவந்தது. ஒரு நாள் அத்தை தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். எனக்கு விடுமுறை. வேலைக்குப் போன வீட்டில் சாவி கிடைக்காமல் என் கணவர் மத்தியானமே வந்துவிட்டார். தலை, புருவம், இமை எல்லாம் சுவருக்குப் பூசுகிற பட்டி மாவு. முதல் நாள் வேலையில் ஏறினது, கழுவியும் போகவில்லை. அவரை ஸ்டூலில் உட்கார வைத்து ஈரத் துணியும் பழைய சீப்புமாகச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். அவர் மருந்துக் கடைக்காரரைப் போலக் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாட்டி கண்டிப்பா நல்ல சேதி வரும்மா" என்றார். அதே குரல், அதே தலையாட்டல். நான் சிரித்துச் சிரித்து அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டேன். சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் கட்டில் ஆறு வருடமாக ஆஸ்பத்திரியின் கிளை மாதிரி இருந்தது. இன்றைக்குச் சேர்ந்து இருக்க வேண்டும், நாளைக்கு வேண்டாம், நாளை மறுநாள் கட்டாயம் என்று சொல்லியனுப்புவார்கள். பரீட்சைக்குப் போகிற முகத்தோடு போவோம். அன்று எங்களை யாரும் அனுப்பவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் காது மடலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டு எனக்கு அழகாகத் தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி எதையாவது பார்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

"கவனமா இருக்கச் சொன்னாங்களே" என்றார் பிறகு.

"நமக்கா? ஆறு வருஷமா ஆகாதது இன்னிக்கு ஒரு மத்தியானத்துல ஆயிடப் போகுதாக்கும்!"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். வேலி தரையில் கிடந்தது. எடுத்து மறுபடி நடுவில் போட்டேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள் நான். மெஷின் ஓடவில்லை, தண்ணீர் வடியவில்லை என்று கூப்பிடுவார்கள். நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரிதான் உபயோகிச்சீங்களா?" எல்லாரும் ஆமாம் என்பார்கள். செருப்பைப் போட்டுத் துவைத்தவரும் ஆமாம் என்பார். ஆனால் பொய் சொல்கிறவர்களின் ஆமாமுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். எச்சில் விழுங்குகிற நேரம், அவ்வளவுதான். அது எனக்குக் கேட்கும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது என்னை ஏமாற்றியதில்லை.

கீறுகிற நாள் வந்தது. பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என் உடுப்புகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பல வருடமாக எங்களைத் தெரிந்த சிஸ்டர் வந்து, என் தோளைத் தட்டி, "இந்த மாசம் கவனமா இருந்தீங்கல்ல?" என்று கேட்டார்.

அத்தையின் கை மடிப்பில் நின்றது. அவரும் என்னைப் பார்த்தார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்போது என்று கேட்பார்கள். எப்போது என்று சொன்னால், தங்கை வீட்டுக்குப் போயிருந்த மத்தியானத்தை அத்தை கணக்குப் போட்டுவிடுவார். அபத்தம்தான். பேரப்பிள்ளை கேட்கிறவருக்குப் பிள்ளை எப்படி வரும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளை என்பது ஊசியிலும் குழாயிலும் வருகிற பொருளாகி வெகு நாளாயிற்று. அவருடைய மகனும் நானும் பட்டப்பகலில் சிரித்துக்கொண்டு படுத்தோம் என்பது அதில் சேராத சமாச்சாரம். டாக்டர் சொன்னதைக் கேட்காத சமாச்சாரமும்கூட. எச்சிலை விழுங்கினேன்.

"ம். இருந்தோம்."

இடைவெளி இருந்தது. எனக்கே கேட்டது. ஆனால் அந்த அறையில் அதைக் கேட்கிற வேலையில் இருந்தவள் நான் ஒருத்திதான். சிஸ்டர் திரும்பிப் போய்விட்டார். அத்தை மிச்சத் துணியை மடித்தார்.

குழாய் பேனா ரீஃபில் மாதிரிதான் இருந்தது. "இருமுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. இருமினால் வலி தெரியாமல் உள்ளே போகுமாம். இருமினேன். இருமல் மிட்டாய் ஞாபகம் வந்தது. பிறகு அடிவயிற்றைப் பிடித்துப் பிழிந்தது போல ஒரு வலி. நான் பல்லைக் கடித்தேன். அத்தை தலைமாட்டில் நின்று என் நெற்றியைத் துடைத்தார். "முடிஞ்சிடுச்சு கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்றார். அவர் அப்படித் துடைத்தது வலியைவிட மோசமாக இருந்தது.

மாதவிலக்கு வந்ததும் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள், அதை வைத்து மருந்து தொடங்குவார்கள். அது வரவில்லை. சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னும் இல்ல சிஸ்டர்" என்றேன். மறுபடி கூப்பிட்டார். அப்புறம் நான் எடுக்கவில்லை. ஊரார் போனையெல்லாம் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், பைக்குள் அதிர்கிற என் போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் கழிப்பறையில் பரிசோதனைப் பட்டையைப் பார்த்தேன். இரண்டு கோடு.

அந்த இரண்டாவது கோட்டுக்கு ஆறு வருடமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவரிடம் எப்படிச் சொல்வது, அத்தையிடம் எப்படி, அம்மாவிடம் எப்படி என்று. ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஐயோ" என்றுதான் வாய் சொன்னது. வரமாட்டாயா வரமாட்டாயா என்று ஏங்கின ஒன்று சொல்லாமல் வந்து உட்கார்ந்திருக்க, அதற்கு மேல் குழாயை விட்டுக் கீறச்சொல்லிப் படுத்திருக்கிறேன். அதுவும் எதற்காக? மாமியார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

என் கணவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கு நேராகப் போனேன். காலி ஹாலில் சுவருக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். பட்டையைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடியே அது அணைந்ததையும் பார்த்தேன்.

"அப்போ அன்னிக்குக் கீறினது?"

"அது மேலதான்."

கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஈரம் காயறதுக்குள்ள தேய்ச்சா அடிச்ச கோட் அப்படியே உரிஞ்சு வந்துடும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொன்னதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டார். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க அன்னிக்கு ஆம்பளையா நின்னு அதை வாங்கிட்டு வந்திருந்தா!"

"நீ அன்னிக்கு வாயத் தொறந்து உண்மையச் சொல்லியிருந்தா!"

இரண்டும் உண்மை, அதனால் இரண்டும் வலித்தது. அடுத்த அறையில் சுவர் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. அவருடைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினோம். இதற்கும் வெட்கம்.

அத்தைக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிஸ்டரிடம் திரும்பி, "கீறறதுக்கு முன்னாடி யூரின் டெஸ்ட் பாத்தோமா?" என்று கேட்டார்.

சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல டாக்டர். இவங்க ரொம்ப வருஷமா வர்றவங்க... ஒருவாட்டிகூட நின்னதில்லையேன்னு... கேட்டா போதும்னு விட்டுட்டேன்."

நமக்கா என்று நான் அந்த மத்தியானம் சிரித்தேனே, அதையேதான் சிஸ்டரும் நினைத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் உடம்பை நானே நம்பாதபோது அவர் மேல் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

"அது என் தப்பும்தான். நான் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "பாத்திருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் அதுல தெரிஞ்சிருக்காது. ஆனா பாக்காம விட்டதுக்கு அது சாக்கு இல்ல."

அந்தச் சின்ன அறையில் நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். ஸ்கேனில் ஒரு சின்ன கருப்புப் பை மட்டும் தெரிந்தது. உள்ளே உயிர் துடிக்கிறதா என்று பார்க்க இன்னும் நாள் வேண்டும். கீறல் எங்கே பட்டது, தப்பித்ததா, சொல்ல முடியாது. தப்பித்துத் தங்கினதும் உண்டு, தங்காமல் போனதும் உண்டு, போனாலும் அது கீறலால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். போய்விட்டு அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வீட்டில் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? குமட்டலை வைத்து அத்தை கண்டுபிடித்துவிட்டார். "என்னடா இது?" என்று மகனைப் பிடித்து உலுக்க, அவர், "நின்னிருக்கும்மா" என்று அசடு வழிந்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா! நான் சொன்னப்ப நம்பினீங்களா? கரு வைக்கக்கூட இல்ல, கீறின கையோட நின்னுடுச்சு பாரு!" என்றார்.

கீறினால் எப்படியம்மா தானாக நிற்கும் என்று கேட்க வேண்டியது அவருடைய மகன். நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையில் ஏதோ நீர்க்கசிவைக் கண்டுபிடித்தவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? காலையில் கூட நடக்கிறவர்கள், பக்கத்து வீடு, எதிர் வீடு, தங்கை, தங்கையின் சம்பந்தி வரைக்கும் தண்டோரா போட்டாயிற்று. கீறினால் போதுமாம், நிச்சயமாம், என் மருமகளே சாட்சி. யார் யாரோ என்னிடம் ஆஸ்பத்திரி விலாசம் கேட்டார்கள். சொன்னேன். என் பொய் என் வீட்டை விட்டு இறங்கித் தெருத்தெருவாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் நாளன்று அத்தை எங்களுக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எதிரே ஒரு சின்னப் பெண். பச்சை அங்கி மாட்டியிருந்தாள். இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் அம்மா, நடுவில் அவள். அன்று அவளுக்குக் கீறல் என்று தெரிந்ததும் அத்தைக்குத் தாங்கவில்லை.

"பயப்படாதே கண்ணு. இதோ உக்காந்திருக்காளே, என் மருமக, ஆறு வருஷம். கீறினாங்க, நின்னுது. அவ்வளவுதான் கதை."

அந்தப் பெண்ணின் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் என்னைக் கண் குளிரப் பார்த்தார்கள். பெண் மெதுவாக, "நெசமாவாக்கா? அதனாலதான் நின்னுச்சா?" என்று கேட்டாள். நான் புன்னகை மாதிரி ஏதோ செய்தேன். உள்ளே துடிக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பவளை ஊருக்கு உதாரணம் காட்டினால் வேறென்ன செய்வது?

சிஸ்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்போடு வந்தார். என்னைக் கண்டதும் அவர் பார்வை ஒரு கணம் தடுமாறியது. கப்பை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"இதுல யூரின் பிடிச்சுக் குடுங்க. ஆனா சீக்கிரமா இருந்தா இதுலயும் தெரியாமப் போகலாம். அதனால சரியாச் சொல்லணும். இந்த மாசம் கவனமா இருந்தீங்களா?"

பெண் இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள்.

"ம்" என்றாள்.

எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. சிஸ்டர் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். பிடித்தவர், பிறகு அவராகவே விட்டுவிட்டார்.

"சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே வேற்றாள் குரலாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினேன். அத்தையைப் பார்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

"எனக்குக் கீறினதால நிக்கலம்மா. கீறறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. கவனமா இருக்கச் சொன்னாங்க, நாங்க இருக்கல. இதே சிஸ்டர் இதே கேள்விய என்னையும் கேட்டாங்க. பக்கத்துல பெரியவங்க இருந்தாங்க. வெக்கமா இருந்துச்சு. இருந்தோம்னு பொய் சொல்லிட்டேன். உள்ள ஒண்ணு இருக்கறது தெரியாம அது மேலயே கீறிக்கிட்டேன். இப்ப அது இருக்கா போச்சான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

என் காது இரண்டும் தீப்பற்றினாற்போல் எரிந்தது. எதிர்ப்பக்கத்து மாமியார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெண் கப்பைப் பார்த்தாள். எழுந்தாள்.

"சிஸ்டர், உங்ககிட்டத் தனியா ஒரு நிமிஷம் பேசணும்."

இரண்டு பெரியவர்களும் கூடவே எழுந்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் சிஸ்டர், அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவளை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

சாத்தின கதவையே அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேனே, அன்னிக்கா?" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. "ம்" என்றேன். என் கணவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பக்கத்துல நின்னதாலதான் சொல்லலையா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகப் போய்விட்டது என்பது அவர் கைகளைப் பார்த்தபோது தெரிந்தது. பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன், என் கணவர் எழுந்தார். அத்தை எழவில்லை. பையை மகனிடம் நீட்டி, "நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

படுத்தேன். டாக்டரம்மா திரையில் தேடினார். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தும் ஸ்கேன் அறையில் தலைமாட்டில் அத்தை நிற்காத முதல் தடவை அது. இத்தனை நாள் எதை வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தேனோ, அது இல்லாமல் தலைமாடு வெறிச்சென்று இருந்தது. டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கருப்புப் பைக்குள் அரிசி அளவில் ஏதோ ஒன்று, அதன் நடுவில் ஒரு புள்ளி விட்டு விட்டு மினுங்கியது. ஒரு பித்தானைத் தட்டினார். சத்தம் வந்தது. ஓட்டமும் நடையுமாக யாரோ வருகிற மாதிரி.

"இருக்கு" என்றார். "இனிமேயும் பத்திரமாப் போகணும். ஆனா இன்னிக்கு நல்லா இருக்கு."

நான் அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் பரிசு வாங்குகிறவளின் சந்தோஷம் இல்லை. மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று என்னை மன்னித்துவிட்டதைப் போல இருந்தது. தலை நிமிர்ந்து அந்தத் திரையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்த்தேன்.

"அம்மாவைக் கூப்பிடவா?" என்றார் என் கணவர். தலையாட்டினேன்.

அவர் கதவைத் திறந்தார். அத்தை நாற்காலியில் இல்லை, கதவுக்குப் பக்கத்திலேயே சுவரை ஒட்டி நின்றிருந்தார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கன்னம் நனைந்திருந்தது.

"உள்ள வாம்மா" என்றார் மகன்.

அத்தை வரவில்லை. மகனுடைய தோளுக்கு மேலாக, படுத்திருந்த என்னை எட்டிப் பார்த்தார்.

"நான் உள்ள வரலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

ஆறு வருடத்தில் அவர் கேட்ட முதல் அனுமதி. கேட்டுவிட்டு, வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றார். இப்படி ஒரு நாள் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தவள் நான்தான்.

"வாங்க அத்தை" என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொன்னேன்.